மைக் முன்னால் நிற்கப் போகிறவர்களுக்கு: ஊடகப் பயிற்சிப் பட்டறைக்கு ஒரு வழிகாட்டி

சங்கத்திலோ ஆலையிலோ உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். "கோயம்புத்தூரில் இரண்டு நாள் ஊடகப் பயிற்சிப் பட்டறை, நீங்கள்தான் போக வேண்டும்" என்று தகவல் வந்திருக்கிறது. அங்கே என்ன கற்றுத்தருவார்கள், எதைக் கொண்டுபோக வேண்டும், கேமரா முன்னால் நிறுத்துவார்களா என்று விசாரிக்க ஆள் இல்லை. இதே குழப்பத்தோடு ஒருநாள் நானும் பல்லடத்தில் பஸ் ஏறினேன். அப்போது விசைத்தறி உரிமையாளர் சங்கம் ஒன்றில் இணைச் செயலாளர். அதன் பிறகு பல பட்டறைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருந்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

நான் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் பெரும்பாலான தறிக்காரர்கள் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் (துணியின் நீளவாட்டு நூல்) வாங்கி, கூலிக்கு நெய்து கொடுக்கிறவர்கள். ஒருமுறை கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை முறிந்த அன்று மாலை, ஒரு தொலைக்காட்சி நிருபர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். "இப்போது எதுவும் சொல்வதற்கில்லைங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான் அனுப்பினேன். இரவுச் செய்தியில் எதிர்த்தரப்பு தன் நியாயத்தை விரிவாகச் சொன்னது. எங்கள் தரப்புக்கு வந்தது ஒரே வரி: "தறி உரிமையாளர்கள் பதிலளிக்க மறுத்துவிட்டனர்." மறுநாள் காலை டீக்கடையில் பத்துத் தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, நம் பக்கம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையா?" மின்கட்டணம், ஆள் சம்பளம், தேய்மானம் என்று ஒரு மீட்டர் துணிக்கு எவ்வளவு விழுகிறது என்ற முழுக் கணக்கும் முந்தின நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

வேலை பேசட்டும், நாம் எதற்குப் பேச வேண்டும் என்பது நம் பக்கத்து மனப்பான்மை. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பையில் இருக்கும் கணக்கு தானாக எழுந்து செய்தித்தாளுக்குப் போகாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத்தான் இந்தப் பட்டறையில் பழக்குகிறார்கள்.

எந்த வகைப் பட்டறை என்று முதலில் கேளுங்கள்

ஊடகப் பயிற்சி என்ற ஒரே பெயரில் இரண்டு விதமானவை நடக்கின்றன. ஒன்று செய்தியாளர்களுக்கானது: செய்தி எழுதுவது, கைப்பேசியில் படம்பிடிப்பது, தகவலைச் சரிபார்ப்பது. மற்றொன்று செய்தியாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கானது. ஆலை மேலாளர், சங்க நிர்வாகி, மருத்துவர், தலைமையாசிரியர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்து இயக்குநர் போன்றவர்கள் வருவது இரண்டாவதற்கு. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எட்டுப் பேர், பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர் என்றால் போகலாம். ஒரே அரங்கில் அறுபது பேர் என்றால் அது சொற்பொழிவு. கேட்டுவிட்டு வரலாம், பயிற்சி கிடைக்காது. ஒவ்வொருவரும் எத்தனை முறை கேமரா முன் பேசுவார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு நாளில் மூன்று முறையாவது இருக்க வேண்டும். பயிற்சி தமிழில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நாளைக்கு உங்களிடம் பேட்டி எடுக்கப் போகிறவர் தமிழில்தான் கேட்கப்போகிறார்.

பதிவான வீடியோக்கள் யாரிடம் இருக்கும் என்று கேட்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒத்திகையில் தடுமாறுவீர்கள், கோபப்படுவீர்கள், சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவீர்கள். அதற்காகத்தான் ஒத்திகை. அந்தப் பதிவு வெளியே போகக்கூடாது. உங்கள் பிரதியை உங்களிடம் கொடுத்துவிட்டு மற்றவற்றை அழித்துவிடுவோம் என்று நல்ல பயிற்சியாளர்கள் எழுத்திலேயே தருவார்கள். தயங்குகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

போவதற்கு முந்தின வாரம்

ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். அதில் உங்கள் அமைப்பு என்ன செய்கிறது என்பது இரண்டு வரி. உங்கள் தொழிலைப் பற்றி நீங்களே சரிபார்த்த ஐந்து எண்கள். உங்களிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நீங்கள் நினைக்கும் மூன்று கேள்விகள். கடைசியில் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள். பயிற்சியின் முழுப் பலனும் அந்த மூன்று வரியில்தான் இருக்கிறது.

எண்களுக்கு ஆதாரம் வேண்டும். என் விஷயத்தில், "உங்களுக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, பிறகு என்ன?" என்ற கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அதை ஒப்புக்கொண்டு, என் தறிக்கூடத்தின் மின்கட்டண ரசீதைக் கையில் வைத்து, 1,000 யூனிட் எத்தனை நாள் ஓட்டத்தில் தீர்கிறது என்று காட்டுவதுதான் பதில். ரசீதின் நகலைத் தாளோடு பின் அடித்துக் கொண்டுபோங்கள்.

உடை பற்றி. நம் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேட்டி தாராளமாகக் கட்டலாம். வெள்ளைச் சட்டைதான் கேமராவுக்குச் சிக்கல். வெளிச்சத்தைத் தானாக அளந்துகொள்ளும் கேமரா, பளீரென்ற வெள்ளையைக் கண்டதும் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். சட்டை அழகாகத் தெரியும், முகம் கறுத்துவிடும். இளநீலம், சந்தன நிறம் பொருத்தமானவை. நெருக்கமான கோடு போட்ட சட்டையும் பொடிக் கட்டம் போட்ட சட்டையும் திரையில் அலையலையாக நெளியும். பச்சை வேண்டாம். சில ஸ்டூடியோக்களில் பின்னணியே பச்சைத் திரை, அந்த நிறம் முழுவதும் மறைந்துபோகும்.

பெண்களுக்கு ஒன்று. காலர் மைக்கைப் புடவையின் முந்தானை மடிப்பில் மாட்டுவார்கள். பட்டும், கஞ்சி போட்ட காட்டனும் உரசி மைக்கில் 'சரக் சரக்' என்று கேட்கும். தாலிக்கொடியோ நீளச் சங்கிலியோ மைக்கில் மோதினால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு 'டிக்'. மென்மையான பருத்திப் புடவை உடுத்துங்கள். மைக் மாட்டும்போது, சங்கிலி படாத பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

முதல் நாள் காலை: பாடம் இல்லாமலே கேமரா

போய் உட்கார்ந்ததும் டீ கொடுத்து அறிமுகம் செய்துவைப்பார்கள். அடுத்து, எதையும் சொல்லித்தராமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு நிமிடப் பேட்டி எடுப்பார்கள். அவமானப்படுத்துகிறார்களோ என்று தோன்றும். இல்லை. பயிற்சிக்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு அளவுகோல் வேண்டுமே, அதற்காக. இரண்டாம் நாள் மாலை இதையே மறுபடி போட்டுக் காட்டுவார்கள்.

பதிவை எல்லோர் முன்னாலும் ஓடவிடும்போது முதல் பத்து வினாடி உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாக இருக்கும். அதைத் தாண்டிப் பாருங்கள். என் முதல் பதிவில் என் வலது கை வேட்டியின் கரையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "வந்துங்க". பயிற்சியாளர் பலகையில் கோடு கோடாகப் போட்டு எண்ணிக் காட்டினார். அதைவிட முக்கியமாக, கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் வந்தது. அதுவரை சங்கம் தொடங்கிய வரலாறு, முன்னாள் தலைவர்களின் பெயர்கள், எல்லோருக்கும் நன்றி.

கண் எங்கே இருக்க வேண்டும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். எதிரில் நிருபர் நின்று கேட்டால் அவரைப் பாருங்கள், கேமராவைப் பார்க்காதீர்கள். வேறு ஊரில் இருக்கும் ஸ்டூடியோவிலிருந்து காதுக்கருவி வழியாகக் கேட்டால் லென்ஸைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் கண் அலைந்தால், உண்மையைச் சொல்கிறவரும் பொய் சொல்கிறவர்போல் தெரிவார்.

இன்னொன்று, பேச்சுவழக்கு. வெளியூரிலிருந்து வரும் சில பயிற்சியாளர்கள் நம் "ங்க"வைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வார்த்தைக்கு வார்த்தை வந்தால் கேட்பவருக்குக் களைப்பாக இருக்கும், அந்த அளவுக்குக் குறைத்தால் போதும். முழுவதுமாக விட்டுவிட்டுச் செய்தி வாசிப்பவரைப்போல் பேச முயன்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வார்த்தையைத் தேடுவதிலேயே கருத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது தொழிற்சொல்லைத்தான். பாவு, ஊடை (குறுக்குவாட்டு நூல்) என்றால் நெசவூருக்கு வெளியே பாதிப் பேருக்குப் புரியாது. விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் வித்தியாசம் ஈரோட்டுச் சந்தைக்குத் தெரியும், தூத்துக்குடியில் செய்தி பார்ப்பவருக்குத் தெரியாது. குவிண்டால் விலையைச் சொன்னால் கையோடு கிலோ விலையையும் சொல்லுங்கள்.

நிருபரின் நாள் எப்படிப் போகிறது

இந்த அமர்வைப் பலர் அரைத்தூக்கத்தில் கேட்பார்கள். எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். தாலுகா அளவில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரே இருசக்கர வாகனத்தில் விபத்து, கோவில் திருவிழா, மறியல், அமைச்சர் வருகை என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். திங்கட்கிழமை காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நிருபர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறிடத்தில் செய்தியாளர் சந்திப்பு வைத்தால் நாற்காலிகள்தான் இருக்கும்.

நாளிதழுக்கு மாலைக்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். தொலைக்காட்சிக்கு அடுத்த செய்தி நேரம்தான் கெடு. ஆக, நீங்கள் காலை 11 மணிக்குச் சொல்லும் ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, இரவு 9 மணிக்குச் சொல்லும் பத்து வரிக்கு இல்லை. நிருபர் அவசரப்படுத்துகிறார் என்று கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம் எதிரி இல்லை, நண்பராக இருக்க வேண்டியவரும் இல்லை. கேட்பது அவர் வேலை, சொல்வது நம் பொறுப்பு.

செய்தியாளர் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நேர்மையான நிருபரை அது சிறுமைப்படுத்துகிறது. ஒருமுறை கொடுத்துப் பழக்கிவிட்டால், கொடுக்காத நாளில் வரும் செய்தி எப்படி இருக்கும் என்று நீங்களே பயந்துகொண்டிருப்பீர்கள். டீ, வடை, உட்கார நிழல், நேரத்துக்குத் தொடங்குவது, இவை போதும்.

புறப்படும் பஸ்ஸின் ஜன்னல் வழியே

பேட்டியில் எதை முதலில் சொல்வது என்பதற்கு எனக்குச் சொல்லித்தந்த வழி இது. உங்கள் உறவினர் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஒரு செய்தியை ஜன்னல் வழியே சொல்லியாக வேண்டும். சங்க வரலாற்றையா சொல்வீர்கள்? "அப்பாவுக்கு நாளைக் காலை ஆபரேஷன், எட்டு மணிக்குள் வந்துவிடு" என்பீர்கள். அந்த வாக்கியம்தான் உங்கள் முதல் வாக்கியம்.

தொலைக்காட்சிச் செய்தியில் உங்கள் முகம் வருவது பதினைந்து, இருபது வினாடி. அதை 'பைட்' என்பார்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசினால், எந்த இருபது வினாடி போகும் என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். இருபது வினாடிக்குள் முழுமையாக முடியும் பதிலைச் சொன்னால் பெரும்பாலும் அதுவே போகும்.

ஈரோட்டிலிருந்து வந்த மஞ்சள் வணிகர் ஒருவர், எதைக் கேட்டாலும் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் தொடங்கினார். பெருமைதான். ஆனால் அன்றைய கேள்வி, விலைச் சரிவில் விவசாயி என்ன செய்வது என்பது. அந்தப் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இருபது வினாடி தீர்ந்துபோனது.

அதே குழுவில் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து பூ விவசாயம் செய்யும் அம்மா ஒருவர் வந்திருந்தார். முதல்நாள் காலை கேமராவைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாம் நாள் அவருடைய முறை வந்தது. பயிற்சியாளர் நிருபராக நின்று, கொஞ்சம் சீண்டுகிற குரலில் கேட்டார்: "மல்லிகை விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. உங்களுக்கெல்லாம் நல்ல லாபம்தானே?"

அவர் உடனே வாய் திறக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு நிருபரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "விலை ஏறின அன்றைக்கு என் தோட்டத்தில் பூ இல்லைங்க. பனி விழுந்தால் மொட்டு வராது. பூ இல்லாததால்தான் விலை ஏறுகிறது. கூடை நிறையப் பூ இருக்கிற அன்றைக்கு விலை கேட்க நீங்கள் வாருங்கள்."

பதினைந்து வினாடிதான் இருக்கும். குற்றச்சாட்டுக்குப் பதில், காரணம், அடுத்த செய்திக்கு அழைப்பு, மூன்றும் இருந்தன. ஒரு எண்கூட இல்லை. அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். பயிற்சியாளர் அந்தப் பதிவை மூன்று முறை ஓடவிட்டு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு வினாடியைக் காட்டினார். புதியவர்கள் கற்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். அமைதி உங்களைப் பயமுறுத்தும். ஆனால் பதிவில் அது யோசனையாகத் தெரியும், வெட்டவும் எளிது.

மடக்குகிற கேள்விகள்

பட்டறையின் நடுப்பகுதி முழுவதும் இதற்குத்தான். நீங்கள் தாளில் எழுதிவந்த மூன்று கேள்விகளையும் எடுத்து உங்கள்மேலேயே வீசுவார்கள்.

முதலில் பழக்குவது, கேள்வியில் இருக்கும் கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் இருப்பது. "சங்கம் கொள்ளையடிக்கிறதா?" என்று கேட்டால், "நாங்கள் கொள்ளையடிக்கவில்லை" என்றுதான் நாக்கு வரும். மறுநாள் தலைப்பு: "கொள்ளையடிக்கவில்லை: சங்கம் விளக்கம்." படிப்பவர் மனதில் எந்த வார்த்தை நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை ஆகிறது, இதோ பிரதி" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்து, "ஆமாவா, இல்லையா?" என்று நெருக்குவது. "அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கற்பனையில் இழுப்பது. "அவர் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னாரே?" என்று மூட்டிவிடுவது. கடைசியில் சொன்னதற்கு, அவர் சொன்னதை நீங்கள் நேரில் கேட்கவில்லை என்றால் கருத்துச் சொல்லாதீர்கள்.

கேள்வியிலிருந்து உங்கள் செய்திக்குத் திரும்பும் உத்தி ஒன்றையும் கற்றுத்தருவார்கள். "அது ஒருபக்கம் இருக்கட்டும், முக்கியமானது என்னவென்றால்..." என்று தொடங்குவது. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேட்டதற்குப் பதில் சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும். பதில் சொல்லாமல் திரும்பினால் அது நழுவல். பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திருப்பூரிலிருந்து வந்த சாயத்தொழில் நிர்வாகி ஒருவரை வைத்துத்தான் இதை நான் சரியாகப் புரிந்துகொண்டேன். அவருக்கு வந்த கேள்வி: "நொய்யல் ஆற்றை நாசம் செய்தவர்கள் நீங்கள்தானே?" முதல் சுற்றில் அவர் வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று பேசினார். நிருபராக நின்றவர் அதே கேள்வியை நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதே பதில். பதிவைப் பார்த்தபோது அவருக்கே பிடிக்கவில்லை.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானதும், கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறும் தோட்டமும் கெட்டதும் ஊரறிந்தவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும் பதிவில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எந்தப் பதிலும் நிற்காது. மாலையில் இரண்டாம் சுற்று. இம்முறை அவர் இப்படித் தொடங்கினார்: "ஆற்றுக்கும் விவசாயிகளுக்கும் எங்கள் தொழிலால் பெரிய சேதம் நடந்ததுங்க. 2011-இல் நீதிமன்றம் மூடச் சொன்னது. அதற்குப் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு நாங்கள் வந்திருக்கிறோம். எங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீங்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்." நிருபரின் அடுத்த கேள்வி, "எப்போது வரலாம்?" சண்டை முடிந்து உரையாடல் தொடங்கிவிட்டது. ஒன்றுதான்: இப்படிக் கூப்பிட்டால், வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

"இதைப் போட்டுவிடாதீர்கள்" என்பதைப் பற்றியும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியிடக்கூடாத தகவல் என்றால், சொல்வதற்கு முன் நிருபரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சொல்வது வெறும் வேண்டுகோள். கேமராவை இறக்கிவிட்டார்கள் என்பதால் மைக் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காலர் மைக்கைக் கழற்றிக் கையில் கொடுக்கும்வரை பேட்டி நடக்கிறது.

அவசரகால ஒத்திகை

இரண்டாம் நாள், சாப்பாடு முடிந்த களைப்பில் இருக்கும்போது ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். "உங்கள் ஆலையில் கொதிகலன் விபத்து. வாசலில் நான்கு சேனல்கள்." இருபது நிமிடம் அவகாசம். உள்ளே குழுவாக உட்கார்ந்து முடிவெடுத்து வெளியே வர வேண்டும். நான்கு பக்கமும் லோகோ மைக் நீட்டிக் கத்துவார்கள். இது விளையாட்டுப்போல் தோன்றினாலும், இதில்தான் பலருக்கு வியர்க்கும்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் ஒன்று: "இதுவரை எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. மற்றதை விசாரித்து 4 மணிக்கு இதே இடத்தில் சொல்கிறேன்." 4 மணிக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் வந்து, "புதிய தகவல் இன்னும் இல்லை, அடுத்து 6 மணிக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தில் வருகிறவரின் பேச்சை நம்புகிறார்கள். காரணத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். குடும்பத்தாருக்குத் தகவல் போவதற்கு முன் யார் பெயரையும் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிய பிறகுதான் உற்பத்தி இழப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

பள்ளியிலிருந்தோ விடுதியிலிருந்தோ வருகிறவர்கள் ஒரு சட்டத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம் மட்டுமல்லாமல், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. எத்தனை பேர் சூழ்ந்து நின்று கேட்டாலும், "குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் சொல்ல மாட்டேன், சட்டமும் அனுமதிக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து வரும் கோழிப்பண்ணையாளர்களுக்குக் கொடுக்கும் சீட்டு வேறு. கேரளத்தில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், அங்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் அன்றே பதற்றம் தொடங்கிவிடும். "இங்கே பறவைக்காய்ச்சலே கிடையாது, எல்லாம் வதந்தி" என்று ஒருவர் முழங்கினார். "நேற்று வரை பரிசோதித்ததில் இல்லை என்று சொல்கிறீர்களா, இனிமேலும் வராது என்கிறீர்களா?" என்று பயிற்சியாளர் கேட்டதும் நின்றுவிட்டார். திருத்திய பதிலில் எந்தத் தேதி வரை பரிசோதனை நடந்தது, யார் நடத்தினார்கள் என்பது இருந்தது. வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பது இருந்தது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நன்றாக வேகவைத்தால் அந்த வைரஸ் அழிந்துவிடும் என்பதும், ஆகவே அரைவேக்காடு வேண்டாம் என்பதும் இருந்தன. முட்டை வாங்கும் இல்லத்தரசிக்கு வேண்டியது இந்தத் தகவல்தான்.

சின்னச் சின்னவை

வானொலிக்கோ தொலைபேசியிலோ பேசும் பயிற்சி அரைமணி நேரம் இருக்கும். நின்றுகொண்டு பேசுங்கள், குரல் திறந்து வரும். தாளைப் பார்த்து வாசித்தால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், குறிப்புகள் மட்டும் போதும்.

தறிக்கூடத்தில் படம்பிடிக்கச் சேனல்காரர்களுக்கு ஆசை. தறிச் சத்தத்தில் உங்கள் குரல் ஒன்றும் கேட்காது. அருகில் இருக்கும் தறிகளை நிறுத்திவிட்டு, பின்னால் தூரத்தில் இரண்டு ஓடட்டும். அல்லது பேட்டியை வாசலில் கொடுத்துவிட்டு, ஓடும் தறிகளைத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செய்திக்குறிப்பு எழுதும் பயிற்சியில் ஒன்றை மறக்காதீர்கள்: யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். நம் அலுவலகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில் அடித்து, அச்செடுத்து, அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நிருபர் அதை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அவருக்கு நேரம் இல்லை, அல்லது அவசரத்தில் ஒரு எண் மாறிவிடும். நகலெடுத்து ஒட்டக்கூடிய எழுத்தாக அனுப்புங்கள். தேதி, பேசுகிறவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக. இவ்வளவு இருந்தால் போதும்.

தவறான செய்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லித்தருவார்கள். முதலில் அந்த நிருபரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே திருத்தம் கிடைத்துவிடும். இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுத்து மூலம். நாளிதழாக இருந்து அதுவும் பலிக்காவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் முறையிடலாம். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்பார்கள், செய்தி வெளியான 2 மாதங்களுக்குள் போக வேண்டும். ஆகவே, கோபத்தில் போனில் கத்துவதைவிட, அன்றே நிதானமாக ஒரு கடிதம் எழுதித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த முதல் வாரம்

சான்றிதழை மாட்டிவைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே மாதத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும். உங்கள் இரண்டு பதிவுகளையும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் யாரையாவது நிருபராக வைத்து, வாரம் ஒருமுறை கைப்பேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு நிருபராக இருந்தாள். எந்த நிருபரும் அவ்வளவு கடுமையாகக் கேட்டதில்லை.

ஐந்து எண்கள் எழுதிய தாளை மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். உங்கள் பகுதி நிருபர்களின் எண்களைக் கைப்பேசியில் பெயரோடு சேமித்துவையுங்கள். எந்த முகாந்திரமும் இல்லாத ஒரு நாளில் கூப்பிட்டு, "இந்தத் தொழிலில் ஏதாவது புரியவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்" என்று சொல்லிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது பேச இன்னொருவர் வேண்டும். அடுத்த பட்டறைக்கு அவரை அனுப்ப இப்போதே சங்கத்தில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

நான் முதல் பட்டறை முடித்துத் திரும்பிய மூன்றாவது வாரம், அதே நிருபர் மறுபடி வந்தார். கூலிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. இந்த முறை அவரை உள்ளே உட்காரவைத்து, மின்கட்டண ரசீதை மேசைமேல் விரித்தேன்.